ஐந்து பொட்டலம் ஓட்ஸ் விதை, அதில் ஒன்று ஆள்மாறாட்டம்

போன வருடம் மார்ச்சில் வாங்கிய விதைப் பெட்டிக்கு இப்போதுதான் விமர்சனம் எழுதுகிறேன். சோம்பல் காரணம் இல்லை. ஐந்தாவது பொட்டலத்தில் இருந்தது என்ன என்று எனக்குப் புரியவே ஆகஸ்ட் ஆகிவிட்டது, அப்புறம் கடைக்காரரோடு ஒரு மாதம் மின்னஞ்சல், அப்புறம் அவர் அனுப்பிய மாற்று விதையையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். இணையத்தில் மட்டும் விற்கிற சின்ன விதைக் கடை. தப்பை ஒத்துக்கொண்டார்கள், அதனால் பெயர் வேண்டாம். விலை 16 பவுண்டு, தபால் செலவு தனி. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன், அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். சர்க்கரை வந்ததிலிருந்து டாக்டர் சொல்லிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறாள். ஒரு நாள் வீடியோவில் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "ஏண்டி, தினம் இதத்தான் குடிக்கிறேன், இது நெல்லு மாதிரி விளையுதா, கோதுமை மாதிரியா? கதிர் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நான் இருப்பது வேல்ஸில், அபரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரில். ஊருக்கு வெளியே இருக்கும் பயிர் வளர்ப்பு நிலையம் 1919இல் தொடங்கியது, பிரிட்டனில் பெரிய அளவில் விதைக்கப்படும் மஸ்கானி என்ற குளிர்கால ஓட்ஸே அங்கே உருவானதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஆறு வருடமாக இருந்துகொண்டு, அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவல் மாதிரி தட்டையாக டப்பாவில் வருவதைத்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்குள் பழுப்புக் காகிதத்தில் ஐந்து பொட்டலம், எட்டுப் பக்கக் கையேடு ஒன்று. சாதாரண ஓட்ஸ், உமி ஒட்டாத ஓட்ஸ், கறுப்பு ஓட்ஸ், எத்தியோப்பிய ஓட்ஸ், கடைசியாக 'நடக்கும் ஓட்ஸ்'. முதல் நான்கும் மனிதர் கையோடு வளர்பவை, ஐந்தாவது காட்டு ஜாதி. மொத்தக் குடும்பத்தையும் ஒரே பாத்தியில் நிறுத்திப் பார்க்கலாம் என்றுதான் விளம்பரம். மார்ச் கடைசியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நான்கடி அகலத் துண்டில் விதைத்தேன்.

சாதாரண ஓட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, போட்டது போட்டபடி முளைத்தது. ஜூன் கடைசியில் கதிர் வந்தபோது படம் எடுத்து அனுப்பினேன். கோதுமை மாதிரி இறுக்கிக் கட்டிய கதிர் இல்லை. சாமைக் கதிர் மாதிரி விரிந்து, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சிறுகதிர் தலைகீழாகத் தொங்கும். அதை மூடியிருக்கும் இரண்டு மெல்லிய செதில்களும் காய்ந்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகி, காற்றடித்தால் பாத்தி முழுக்கச் சரசரக்கிறது. சிறுகதிருக்குள் இரண்டு, சில சமயம் மூன்று மணி. அவ்வளவுதான். ஆனால் உமி! ஒரு கைப்பிடி உலர்த்தி உரலில் குத்திப் பார்த்தேன். நெல் இரண்டு குத்தில் விட்டுக்கொடுக்கும், இது விடாது. மணி நொறுங்கியதே தவிர உமி போகவில்லை, கடைசியில் கஞ்சியில் பாதி உமி. ஆலைக்காரர்கள் இதற்கென்று தனி இயந்திரம் வைத்திருப்பது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

அந்த வகையில் இரண்டாவது பொட்டலம்தான் என் செல்லம். உமி ஒட்டாத ஓட்ஸ். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால் மணி தனியாக வந்துவிடும். சீனாவின் வடக்கே, உள் மங்கோலியாவிலும் ஷான்சியிலும் காலங்காலமாகச் சாப்பிடுவது இந்த ஜாதிதான். அங்கே மணியை வறுத்து அரைத்து, கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, மெல்லிய குழல்களாகச் சுருட்டி, தேன்கூடு மாதிரி நிற்கவைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆக, ஒரே மாவு மூன்று தடவை சூடு பார்க்கிறது. அந்த வறுவல் சும்மா ருசிக்காக மட்டும் இல்லை. நான் பச்சையாக அரைத்து ஒரு டப்பாவில் வைத்த மாவு ஒரே வாரத்தில் கசந்துவிட்டது. ஓட்ஸில் கொழுப்பு மற்ற தானியங்களைவிட அதிகம், அதை உடைக்கிற நொதியும் மணியிலேயே இருக்கிறது. அரைத்ததும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கடை ஓட்ஸை ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள் என்பதால் அம்மாவின் டப்பா மாதக்கணக்கில் கசக்காமல் இருக்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முளைப்பு சுமார்தான், உமிக் கவசம் இல்லாததால் கதிரடிக்கும்போதே முளைக்கரு அடிபட்டுவிடும். முளைத்ததில் பாதியைப் புறாக்கள் தின்றன. மிஞ்சியதில் ஒரு ஆழாக்கு தேறியது. வறுத்து உடைத்துக் கஞ்சி வைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு குடித்தேன். இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த நட்சத்திரத்தில் ஒன்று முழுதாக அந்தக் கிண்ணத்துக்கு.

மூன்றாவது, கறுப்பு ஓட்ஸ். நான் இருக்கிற மண்ணுக்குச் சொந்தம் கொண்டாடுவது இதுதான். வேல்ஸ் மொழியில் இதற்குச் 'சாம்பல் ஓட்ஸ்' என்று பொருள்படும் பெயர் உண்டு. மலைச்சரிவில், வேறெதுவும் விளையாத ஏழை மண்ணில் போட்டார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மணல் நிலத்தில் இன்றும் இருக்கிறது. என் பாத்தியில் நெஞ்சளவு உயரம் வளர்ந்து, ஜூலையில் ஒரே மழையில் படுத்தது, எழவே இல்லை. மணி ஒல்லி, நுனியில் இரண்டு முள். இதில் சுவாரசியம் என்னவென்றால், இது சாதாரண ஓட்ஸின் தாத்தா இல்லை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும், கையேடும் படத்தில் அப்படித்தான் அம்புக்குறி போட்டிருக்கிறது, அது தப்பு. மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம், அது இதற்கு 14, எத்தியோப்பிய ஓட்ஸுக்கு 28, சாதாரண ஓட்ஸுக்கு 42. கறுப்பு ஓட்ஸை மனிதர் தனியாக, ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கும் ஐபீரியப் பக்கத்தில் பழக்கியெடுத்ததாகக் கருதுகிறார்கள். தூரத்துப் பங்காளி என்று சொல்லலாம்.

கையேட்டின் மேல் எனக்குப் பெரிய வருத்தமே இந்த இடத்தில்தான். 'கோதுமை, பார்லியோடு சேர்த்து மேற்கு ஆசியாவில் முதல் உழவர்கள் ஓட்ஸையும் பயிராக்கினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நல்ல கதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி அமுக்கலாமா? தெற்கு இத்தாலியில் பக்லீச்சி என்ற குகையில் கிடைத்த ஓர் அரைகல்லில் ஓட்ஸ் மாவுத் துகள் ஒட்டியிருந்தது, வயது ஏறக்குறைய 32,000 வருடம், அரைப்பதற்கு முன்பு மணியைச் சூடாக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அப்போது விவசாயமே கிடையாது, காட்டில் பொறுக்கியதுதான். பிறகு ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில், 11,000 வருடத்துக்கும் முந்தைய வீடு ஒன்றில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் காட்டு பார்லி மணியும், ஏறக்குறைய 1,20,000 காட்டு ஓட்ஸ் மணியும் கிடைத்தன. இவ்வளவையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க முடியாது, விதைத்து அறுத்திருக்க வேண்டும் என்பது தோண்டிப் பார்த்தவர்களின் வாதம். ஆனாலும் அங்கே ஓட்ஸ் பயிராக நிலைக்கவில்லை. பார்லி போனது ஊரெல்லாம், ஓட்ஸைக் கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம் அது வந்தது கொல்லைப்புற வழியாக. கோதுமை, பார்லி வயலில் களையாக ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்கு வடக்கே வடக்கே நகர்ந்தது. குளிரும் ஈரமும் கூடக் கூடக் கோதுமை திணறியது, களை தழைத்தது, ஒரு கட்டத்தில் சரி இதையே விதைப்போம் என்று ஆகியிருக்கும். ஐரோப்பாவில் இது தனிப் பயிராகத் தெரிவதே ஏறக்குறைய 3,000 வருடத்துக்கு முன்புதான். ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் பழைய எம்மர் கோதுமை வயல்களில் ஓட்ஸ் களையாக நிற்பதைப் பார்த்து இந்த யோசனையைச் சொன்னார். நாற்றங்காலில் குதிரைவாலிப் புல் நெல்லோடு நெல்லாக நிற்குமே, கதிர் வரும்வரை அப்பாவுக்கே பிடிபடாது, அதே வித்தைதான். இயற்கையைப் பற்றி எழுதிய பழைய ரோமாபுரி ஆசிரியர் பிளினி இன்னும் ஒரு படி மேலே போய், பார்லி கெட்டுப்போய்த்தான் ஓட்ஸ் ஆகிறது என்று நம்பினார், ஜெர்மானியர்கள் அதையே விதைத்துக் கூழ் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். வயலில் பார்லி விதைத்து ஓட்ஸ் வந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இந்தப் பாதி வழியில் நின்றுபோன பயிரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நான்காவது பொட்டலம். எத்தியோப்பிய ஓட்ஸை அந்த நாட்டு மலைப்பகுதி உழவர்கள் பெரும்பாலும் தனியாக விதைப்பதில்லை, களைந்து எறிவதும் இல்லை. பார்லியோடு வளர்கிறது, பார்லியோடு அறுபடுகிறது, அதோடு சேர்ந்தே ரொட்டிக்கும் நாட்டு பீருக்கும் போகிறது. மணி உதிராமல் கதிரிலேயே நிற்பதால் அடுத்த வருட விதையிலும் கலந்துவிடுகிறது. இந்தப் பொட்டலத்தைச் சேர்த்ததற்காகவே கடைக்காரரைப் பாராட்ட வேண்டும், எளிதில் கிடைக்காத சரக்கு. என் பாத்தியில் பத்துச் செடி மெலிசாக வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி ஐந்தாவது. உறையில் 'நடக்கும் ஓட்ஸ், அவேனா ஸ்டெரிலிஸ்' என்று எழுதியிருந்தது. மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து ஈரான் தாண்டியும் பரவிக் கிடக்கும் காட்டு ஓட்ஸ் இது. இதற்கும் 42 குரோமோசோம், சாதாரண ஓட்ஸோடு தாராளமாகக் கலக்கும், பயிர் ஓட்ஸின் நேர் மூதாதை என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதும் இதுதான். ரொட்டிக் கோதுமை 42 குரோமோசோமோடு உருவானதே உழவர் வயலில்தான், அப்படி ஒரு காட்டுக் கோதுமை உலகத்தில் இல்லை. ஓட்ஸ் அந்த வேலையை மனிதன் உழத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே தானாகவே முடித்துவைத்திருந்தது. இரண்டு புல் கலந்து 28 ஆகி, அதோடு மூன்றாவது புல் கலந்து 42. அந்த 28 குரோமோசோம்காரர் யார் என்று ரொம்ப நாள் தேடினார்கள். மொராக்கோவில் ஒன்று, தெற்கு ஸ்பெயினில் ஒன்று என்று கிடைத்தன. 1998இல் இஸ்ரேலிய ஆய்வாளர் லாடிசின்ஸ்கி சிசிலித் தீவின் களிமண் மேய்ச்சலில் கண்டதாக விவரித்த அவேனா இன்சுலாரிஸ்தான் இப்போது முன்னணியில் நிற்கிறது. 2022இல் ஸ்வீடனிலிருந்தும் சீனாவிலிருந்தும் தனித்தனியாக ஓட்ஸின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். மூன்று மூதாதையரின் குரோமோசோம்களும் ஒன்றுக்குள் ஒன்று துண்டு துண்டாக மாறி ஒட்டிக் கிடக்கின்றன, பல துணி வெட்டித் தைத்த ஒட்டுப் போர்வை மாதிரி. கையேடு இதற்கெல்லாம் ரொம்ப முந்தையது போல இருக்கிறது, மறுபதிப்பு போடலாம்.

காட்டு ஜாதி என்று அலட்சியம் வேண்டாம், பயிருக்கு நோய் வந்தால் ஓடிப்போய்க் கடன் கேட்பது இவர்களிடம்தான். இஸ்ரேலில் சேகரித்த ஸ்டெரிலிஸ் செடிகளிலிருந்து துரு நோயைத் தாங்கும் மரபணுக்களை எடுத்து அமெரிக்கா, கனடா ஓட்ஸில் சேர்த்தார்கள். இந்த ஊர் நிலையத்திலேயே 1976இல், அவேனா பார்பட்டா என்ற மெல்லிய காட்டு ஓட்ஸிலிருந்து சாம்பல் நோய் எதிர்ப்பைப் பயிர் ஓட்ஸுக்குக் கொண்டுவந்ததை அறிவித்தார்கள். குரோமோசோம் எண்ணிக்கையே வேறு என்பதால் சாதாரணக் கலப்பில் அது ஒட்டாது, கதிர்வீச்சின் உதவியோடுதான் முடிந்தது. நான் தினமும் பேருந்தில் கடந்துபோகிற இடம்!

சரி, பொட்டலத்துக்கு வருவோம். பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்கிறதா என்று விதைப்பதற்கு முன்பே சமையலறை மேடையில் வைத்துப் பார்த்தேன். கறுத்த மணி, அடியில் பழுப்பு மயிர், முதுகிலிருந்து கிளம்பும் வால். வாலின் கீழ்ப்பாதி கயிறு மாதிரி முறுக்கியிருக்கும், மேல்பாதி முழங்கால் மாதிரி மடங்கியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் மடங்கிய நுனி கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது, முறுக்கு அவிழ அவிழ மணியே பக்கவாட்டில் உருண்டது. காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரம், காய்ச்சல், ஈரம், காய்ச்சல் என்று இப்படியே மண் வெடிப்புக்குள் தன்னைத் தானே திருகி இறக்கிக்கொள்ளும், பின்பக்கம் சாய்ந்த மயிர் வெளியே வரவும் விடாது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த வாலை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி செய்தார். எனக்கு ஒரே குஷி. ஆனால் சுற்றியதே தவிர, நடந்ததா? அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இருபது விதையில் ஆறு முளைத்தது. ஆகஸ்டில் ஒரு காலை, தொட்டதும் மணி உதிர்ந்தது. குனிந்து பொறுக்கினேன், ஒற்றை ஒற்றையாகக் கிடந்தது. ஒவ்வொரு மணியின் அடியிலும் குதிரை லாடம் மாதிரி ஒரு வழுவழுப்பான தழும்பு. அங்கேதான் சந்தேகம் வந்தது. காட்டு ஓட்ஸ் எல்லாமே உதிரும், அதுதான் காட்டுக்கும் வீட்டுக்கும் வித்தியாசம். பயிர் ஓட்ஸ் அறுத்து அடிக்கும்வரை காம்பை விடாது. ஆனால் உதிர்வதிலும் இரண்டு தினுசு. ஸ்டெரிலிஸ் சிறுகதிரை முழுசாகத் தள்ளிவிடும், இரண்டு மூன்று மணியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டே விழும், கீழ் மணிக்கு மட்டும்தான் தழும்பு. மணிக்கு மணி தனித்தனியாகக் கழன்று, ஒவ்வொன்றுக்கும் தழும்பு இருந்தால் அது அவேனா ஃபட்டுவா. தானிய வயலில் உலகமே திட்டுகிற களை, பஞ்சாப் கோதுமை வயலிலும் இந்தக் காட்டு ஓட்ஸ் கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். பொட்டலத்திலேயே மணிகள் ஒற்றை ஒற்றையாகத்தான் இருந்தன. நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

படம் எடுத்து அனுப்பினேன். கடைக்காரர் முதலில், இரண்டும் நெருங்கிய சொந்தம், இரண்டுக்கும் 42தான், வாலும் ஒரே மாதிரிதான் சுற்றும் என்று சமாளித்தார். நான் விடவில்லை. மூன்றாவது மின்னஞ்சலில், விதை வாங்கிய இடத்தில் கலந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார், மாற்றுப் பொட்டலமும் தருவதாகச் சொன்னார். கூடவே, "உதிர்வதற்கு முன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்" என்று ஓர் அறிவுரை. உதிர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்த விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும், ஒரே சமயத்தில் எல்லாம் முளைக்காது, அதனால்தான் இருபதில் ஆறு. இந்த நாட்டில் உழவர்கள் பை கட்டிக்கொண்டு வயலுக்குள் நடந்து இதை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்குகிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா. பக்கத்து வீட்டுக்காரர் பண்ணையில் வளர்ந்தவர். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, காசு கொடுத்தா வாங்கினாய் என்று கேட்டதை மறக்க முடியவில்லை. அந்த ஒன்றரை நட்சத்திரம் இங்கேதான் போனது.

இந்த ஏப்ரலில் பாத்தியிலும் கல் பாவிய இடுக்கிலும் பதினொரு நாற்று. அடையாளம் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இலை இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு வரும், கோதுமையும் பார்லியும் வலப்பக்கம் முறுக்கும். இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் கொம்பு மாதிரி நீட்டல் இருக்காது. நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் வேரோடு மெதுவாக எடுங்கள், பழைய கறுத்த உமி மயிரோடு அடியில் தொங்கும். பதினொன்றிலும் தொங்கியது.

மாற்றுப் பொட்டலம் மே மாதம் வந்தது. இந்த முறை முதலில் அடியைப் பார்த்தேன். முழுச் சிறுகதிர்கள், பெரியவை, ஒவ்வொன்றிலும் இரண்டு நீள வால் குறுக்கே குறுக்கே. விதைக்கப் போவதில்லை, ஒரு தடவை பட்டது போதும். ஈரத் துணியில் ஒன்றை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் போனைச் சாய்த்து வைத்தேன். இரண்டு வாலும் எதிரெதிராகச் சுற்றி, ஒன்றில் ஒன்று மாட்டி, சட்டென்று விடுபட்டபோது முழுச் சிறுகதிரும் ஒரு எட்டு முன்னால் குதித்தது. அப்புறம் இன்னொரு எட்டு.

"நீ குடிக்கிற கஞ்சியோட கொள்ளுப்பாட்டிம்மா இது" என்றேன்.

"பூச்சிடி அது, தட்டி விடு" என்றாள்.